நான்கு மணி நேரமா, பன்னிரண்டு மணி நேரமா: வலி மாத்திரைகளை ஒப்பிட்டால்

மருந்துக் கடையில் வலி மாத்திரை கேட்பவர்கள் 'எது சீக்கிரம் கேட்கும்' என்று விசாரிப்பார்கள். வலி திரும்பிய பிறகும் அந்த மருந்து உடலில் எவ்வளவு நேரம் தங்கியிருக்கும் என்று விசாரிப்பவர் குறைவு.

பாராசிட்டமாலும் இபுப்ரூஃபனும் வேகத்தில் ஏறத்தாழ ஒன்றுதான். இரண்டுமே அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கிவிடும். பாராசிட்டமால் 4 முதல் 6 மணி நேரம் தாங்கும், இபுப்ரூஃபன் 6 முதல் 8 மணி நேரம் வரை தாங்கும். நேப்ராக்சன் 8 முதல் 12 மணி நேரம் நிற்பதால், இரவு முழுவதும் குடையும் மூட்டு வலிக்கு அது வசதியானது. ஆனால் வயிறு எரிந்தாலும் அது அத்தனை நேரம் உடலை விட்டுப் போகாது.

வீக்கம் இல்லாத தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் என் முதல் தேர்வு பாராசிட்டமால்தான், ஏனெனில் அது வயிற்றைப் புண்ணாக்குவதில்லை. சுளுக்கு, மாதவிடாய் வலி போன்றவற்றுக்கு, வீக்கத்தையும் வலியையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின்களைத் தடுக்கும் இபுப்ரூஃபன் கூடுதலாகப் பலன் தரும். உணவு சாப்பிட்ட பிறகே அதை விழுங்க வேண்டும். குடற்புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. டெங்கு என்ற சந்தேகம் இருக்கும்வரை இபுப்ரூஃபன், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் மூன்றுமே வேண்டாம், இரத்தக்கசிவு கூடும். ஆஸ்பிரின் தரும் வலி நிவாரணம் சில மணி நேரத்தில் ஓய்ந்தாலும், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை அது முடக்கிய விளைவு ஒரு வாரத்துக்கு மேலும் நீடிக்கும். 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு, கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரேய் நோய்க்குறியின் அச்சத்தால், அதை வீட்டில் கொடுப்பதே இல்லை.

பாராசிட்டமாலைச் சாது என்று நினைப்பதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச வரம்பு 4000 மில்லிகிராம்; மது அருந்துவோருக்கும் எடை குறைந்தவர்களுக்கும் அதுவே அதிகம். காய்ச்சலுக்கு 650 மில்லிகிராம் மாத்திரை, இடுப்பு வலிக்கு இபுப்ரூஃபன் கலந்த கூட்டு மாத்திரை, மூக்கடைப்புக்குச் சளி மாத்திரை என்று ஒருவர் மூன்றையும் விழுங்கினால், பாராசிட்டமால் என்ற ஒரே மருந்தை மூன்று பெயர்களில் எடுத்திருக்க வாய்ப்புண்டு. அளவு மீறினால் கல்லீரல் கெடும். முதல் நாளில் குமட்டலைத் தவிர வேறு அறிகுறி தெரியாமலும் போகலாம் என்பதால், உடல் நன்றாக இருக்கிறதே என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அசிட்டைல்சிஸ்டீன் என்ற நச்சு முறிவு மருந்து, 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் மிக நன்றாகக் காப்பாற்றும்.

இடைவெளி முடியுமுன் வலி திரும்பினால் அதே மாத்திரையை மறுபடி போடக்கூடாது. பாராசிட்டமால் எடுத்தவர், மேலே சொன்ன தடைகள் இல்லையென்றால், இடையில் இபுப்ரூஃபன் எடுக்கலாம். இரண்டும் வெவ்வேறு இனம். இபுப்ரூஃபனோடு நேப்ராக்சனையோ டைக்ளோஃபினாக்கையோ சேர்ப்பது அப்படியன்று, அவை மூன்றும் ஒரே இனம் என்பதால் வலி பெரிதாகக் குறையாமல் வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்குமான சுமையே கூடும்.