ஆதார் பூட்டு: பர்ஸ் தொலைவதற்கு முன்பே போட வேண்டியது

பர்ஸ் திருடுபோனால் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி வங்கிகள் 'கார்டு பாதுகாப்புத் திட்டம்' விற்கின்றன. ஆண்டுச் சந்தா கட்டினால் ஒரே போனில் எல்லா கார்டுகளையும் முடக்கித் தருவார்கள். வசதிதான், ஆனால் கார்டை முடக்க எந்த வங்கியும் காசு கேட்பதில்லை. கார்டோடு சேர்ந்து போன ஆதாரையும் பான் கார்டையும் வைத்துத்தான் பிறகு வம்பு வரும். அந்தப் பக்கத்துக்குச் சந்தா இல்லாத ஒரு சேவை ஆதார் ஆணையத்திடம் இருக்கிறது: பயோமெட்ரிக் பூட்டு. எதை எப்போது செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்களுக்கு இதைவிட நல்ல காவல் இல்லை.

மைஆதார் தளத்தில் ஆதார் எண்ணும் ஓடிபியும் போட்டு உள்ளே போனால் பூட்டுவதற்கும் திறப்பதற்கும் தனிப் பகுதி இருக்கும். ஒப்புதல் கட்டத்தில் டிக் அடித்ததும் கைரேகை, கருவிழி, முகம் மூன்றும் பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு உங்கள் எண்ணைப் போட்டு யார் விரல் வைத்தாலும், நீங்களே வைத்தாலும், மெஷினில் 330 என்ற பிழை எண் வரும். ஓடிபி வழியான சரிபார்ப்பு வழக்கம்போல நடக்கும்.

இது ஏன் முக்கியம் என்றால், ஆதார் வழியாகப் பணம் எடுக்கும் ஏஇபிஎஸ் முறையில் ஆதார் எண், வங்கியின் பெயர், ரேகை இவ்வளவே தேவை. பின் நம்பரும் இல்லை, ஓடிபியும் இல்லை. பத்திரப்பதிவு ஆவணங்களிலிருந்த ரேகையை சிலிகானில் வார்த்துப் பணம் உருவிய வழக்குகள் நாட்டில் பல இடங்களில் பதிவாகியிருக்கின்றன. பூட்டிய ஆதாரில் அந்த வேலை நடக்காது.

குறை என்ன? தற்காலிகமாகத் திறந்தால் 10 நிமிடம்தான், பிறகு தானாகப் பூட்டிக்கொள்ளும். ரேஷன் கடை வரிசையின் கடைசியில் நின்றுகொண்டே திறந்தால், 'பருப்பு இன்னும் வரல' என்று முன்னால் நிற்பவர் தகராறு செய்து முடிப்பதற்குள் நேரம் போய்விடும். உங்களுக்கு முன் இரண்டு பேர் இருக்கும்போது திறப்பதுதான் கணக்கு. வாழ்நாள் சான்று கொடுக்கும் ஓய்வூதியர்களும், புது சிம் வாங்கப் போகிறவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும். மெஷின் ரேகையை ஏற்கவில்லை என்றதும் கையைச் சேலையில் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்ப்பார்கள். பிழை எண் 330 என்றால் எவ்வளவு துடைத்தாலும் பயனில்லை.

ஆதார் எண்ணையே பூட்டும் இன்னொரு வசதியும் உண்டு. அதற்கு முதலில் ஆதார் எண்ணுக்குப் பதிலாகக் கொடுக்கும் 16 இலக்க விர்ச்சுவல் ஐடி எடுக்க வேண்டும். திறக்கவும் அதுவே வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம். அந்த எண்ணை எங்கே குறித்தோம் என்று தேடுவதே தனி வேலையாகிவிடும்.

இந்தச் சேவையின் பெரிய பலவீனம், எல்லாமே ஒரே ஒரு செல்போன் எண்ணில் தொங்குகிறது. பர்ஸோடு போனும் போனால் பூட்டுப் போட ஓடிபி வராது. மாற்று சிம் வாங்கினாலும் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வரவும் செய்யாது, போகவும் செய்யாது. சிம் மாற்றி மோசடி செய்பவர்களைத் தடுக்கத் தொலைத்தொடர்புத் துறை வைத்த விதி அது. ஆகவே பூட்டை இன்றே போட்டால்தான் உண்டு.

போனில் சிம் பின்னும், அதாவது சிம்முக்கான பூட்டு எண்ணும், வைத்துவிடுங்கள். அது இல்லையென்றால் திருடியவர் உங்கள் சிம்மை வேறு போனில் போட்டு, டெபிட் கார்டின் கடைசி 6 இலக்கத்தையும் காலாவதி மாதத்தையும் பார்த்து, பல வங்கிகளில் புது யூபிஐ பின்னே போட்டுவிட முடியும். சிம் பின்னை மூன்று முறை தவறாக அடித்தால் பியூகே என்ற திறப்பு எண்ணைக் கேட்டு நின்றுவிடும்.

ஆக, பர்ஸ், போன் இரண்டும் திருடுபோனால் வரிசை இதுதான். வேறொருவர் போனிலிருந்து முதலில் சிம்மை முடக்குங்கள். அடுத்து வங்கிகள், புகார் எண்ணையும் நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி நீங்கள் தெரிவித்த பிறகு நடக்கும் நட்டம் வங்கியைச் சேர்ந்தது. ஏடிஎம் பின்னைச் சீட்டில் எழுதி பர்ஸிலேயே வைத்திருந்தால், தெரிவிக்கும் வரை போனது உங்கள் காசு. 'டேப்' செய்து பணம் கட்டும் வசதி கார்டில் இருந்தால் ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரை பின் கேட்காது. வேண்டாதவர்கள் வங்கிச் செயலியில் அதை அணைத்து வைக்கலாம். ஏற்கெனவே பணம் போயிருந்தால் சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

தமிழ்நாடு காவல்துறையின் இணையவழித் தொலைந்த ஆவண அறிக்கை வேகமானது, ஸ்டேஷன் படி ஏற வேண்டாம். ஆனால் அது 'தொலைந்தது' என்பதற்கு மட்டும். யாரும் விசாரிக்க மாட்டார்கள். பறித்துக்கொண்டு போனார்கள் என்றால் ஸ்டேஷனுக்கே போய் சிஎஸ்ஆர் (புகார் பெற்றதற்கான ரசீது) அல்லது எஃப்ஐஆர் வாங்குங்கள். அலைச்சலுக்குச் சோம்பி 'எங்கோ விழுந்துவிட்டது' என்று எழுதுவது பலர் செய்யும் தவறு. நாளைக்கு உங்கள் பான் எண்ணில் யாராவது கடன் வாங்கியிருந்தால், அன்றைய தேதியிட்ட திருட்டுப் புகார்தான் உங்கள் சாட்சி.

கார்டின் ரேடியோ அலையை மறிக்கும் தகடு வைத்த ஆர்எஃப்ஐடி தடுப்பு பர்ஸ்? தோல் நன்றாக இருந்தால் வாங்குங்கள். டேப் கார்டு வேலை செய்வதே சில சென்டிமீட்டர் தூரத்தில்தான். பர்ஸையே உருவுகிறவரை அந்தத் தகடு என்ன செய்யும்?

அடுத்த சில மாதங்களுக்கு தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பாருங்கள். தெரியாத எண்ணை அங்கேயே 'என்னுடையது அல்ல' என்று குறிக்கலாம். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழுக் கடன் அறிக்கை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் ஒரே நாளில் எடுத்துவிடாமல் மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுங்கள். கடன் பட்டியலைவிட முதலில் பார்க்க வேண்டியது விசாரணைகள் (enquiries) பகுதி. பழக்கமில்லாத ஒரு நிதி நிறுவனம் உங்கள் பான் எண்ணைத் தட்டிப் பார்த்திருந்தால் தேதியோடு அங்கே நிற்கும். உடனே தகராறு பதியுங்கள். 30 நாளில் தீர்க்கவில்லை என்றால் அதன் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் அவர்கள் உங்களுக்குத் தர வேண்டும்.