பிரிக்பீல்ட்ஸிலிருந்து பினாங்கு பஸ் டூர்: பணம் கட்டுமுன் சீட்டைப் பற்றிப் பேசிவிடுங்கள்

பள்ளி விடுமுறையில் அம்மாவையும் சித்தியையும் கூட்டிக்கொண்டு ஒரு பஸ் டூரில் பினாங்கு போய் வந்தேன். வெள்ளிக்கிழமை விடியற்காலை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கிளம்பி ஞாயிறு இரவு திரும்பும் டூர். நடத்துகிறவர்கள் நம் ஆட்கள்தான், சின்ன ஏஜென்சி. வயதானவர்களோடு போக நினைப்பவர்களுக்குத் தாராளமாகச் சொல்வேன், போகலாம். ஆனால் பணம் கட்டுமுன் சீட் விஷயத்தை மட்டும் தெளிவாகப் பேசிவிடுங்கள். ஹோட்டல் சுமாராக இருந்தால் ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் போச்சு, சாப்பாடு சரியில்லை என்றால் அடுத்த வேளைக்கு வேறு கடை பார்த்துக்கொள்ளலாம், ஆனால் பக்கத்து சீட்டில் யார், நாம் உட்கார்ந்திருப்பது முன்னாலா பின்னாலா என்பது கிளம்பியதிலிருந்து வீடு திரும்பும் வரை கூடவே வரும்.

பஸ்ஸில் ஒரு குறையும் இல்லை. 44 சீட் டூர் பஸ், உள்ளே சுத்தம், எல்லா சீட்டிலும் பெல்ட். 2025 ஜூலை 1 முதல் எக்ஸ்பிரஸ் பஸ்ஸிலும் டூர் பஸ்ஸிலும் பயணிகள் பெல்ட் போட்டே ஆக வேண்டும், போடாதவருக்கு 300 வெள்ளி (ரிங்கிட்) சம்மன். டிரைவர் மலாய்க்காரர், பெரியவர், எல்லாரும் பாக்சிக் என்றுதான் கூப்பிட்டோம். ஒவ்வொரு முறை நிறுத்திக் கிளம்பும்போதும் டூர் லீடராக வந்த தங்கச்சி கடைசி வரிசை வரை நடந்து பெல்ட்டைப் பார்த்துவிட்டுத்தான் அவருக்குச் சைகை காட்டும். சித்தி, "வயித்த இறுக்குதும்மா, கிட்டத்துல போறப்ப வேணாமே" என்று கெஞ்சிப் பார்த்தார். அந்தப் பிள்ளை குனிந்து பட்டையை நீட்டி, சேலை மடிப்புக்குக் கீழே இடுப்பெலும்போடு படியும்படி போட்டுவிட்டு, "இப்ப சரியா இருக்கா ஆண்டி?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தது. இப்படி ஒரு ஆள் இருக்கிற டூரில் வயதானவர்களை நம்பி அனுப்பலாம்.

இனி சீட். டிக்கெட்டில் சீட் எண் கிடையாது, முதலில் ஏறுகிறவருக்கு முதல் வரிசை. பஸ் பிரிக்பீல்ட்ஸில் ஆள் ஏற்றி, செந்தூலில் நின்று, அப்புறம் ரவாங்கில் ஏற்றிக்கொண்டு போகிறது. செந்தூலில் ஒரு குடும்பம் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கிறோம் என்று போனில் சொல்லிக்கொண்டே அரை மணி நேரத்துக்கு மேல் காக்க வைத்தது. ரவாங்கில் ஏறியது எழுபது வயது தாண்டிய ஒரு தம்பதி, அந்த ஐயாவுக்கு இரண்டு முழங்காலிலும் வலி, மிச்சம் இருந்தது கடைசி வரிசைதான். என்ஜின் சூடும் குலுக்கலும் அங்கேதான் அதிகம். முன்னால் முதல் வரிசையிலோ ஒரு பெரியவர் தனியாக வந்து, ஜன்னல் பக்கம் தான் உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் தலையணையையும் பையையும் வைத்திருந்தார். தங்கச்சி பக்குவமாகக் கேட்டது, "அங்கிள், அவங்க ரெண்டு பேரும் முன்னால வரட்டுமா?" அவர், "நான்தான்மா முதல்ல பணம் கட்டினவன்" என்றார். அவர் சொன்னதிலும் தவறில்லை, முதலில் வருபவருக்கு முதல் சீட் என்று ஏஜென்சியே சொல்லித்தானே பணம் வாங்கியிருக்கிறது? தங்கச்சி ஒன்றும் பேசாமல் டிரைவருக்குப் பின்னால் தனக்கென்று இருந்த சீட்டையும் அதற்கு அடுத்ததையும் அந்தத் தம்பதிக்குக் கொடுத்துவிட்டுக் கடைசி வரிசைக்குப் போய்விட்டது. தாப்பா ஆர் அண்ட் ஆரில், அதாவது நெடுஞ்சாலை ஓய்விடத்தில், பசியாற நிறுத்தியபோது எல்லாரையும் வைத்துக்கொண்டே அறிவித்தது, நாளையிலிருந்து தினமும் நாலு நாலு வரிசையாகப் பின்னால் நகர வேண்டும், பின்னால் இருப்பவர்கள் முன்னால் வர வேண்டும், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மட்டும் மாற்றம் இல்லை. கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது, ஆனால் மறுநாள் காலை எல்லாரும் நகர்ந்தார்கள். அந்தப் பிள்ளை தானாகச் செய்ததை ஏஜென்சி விதியாகவே வைக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

ஏன் என்றால், இடம் மாறிய பிறகுதான் ஒருவரை ஒருவர் தெரிந்தது. முதல் நாள் முழுக்க அந்த முன்வரிசைப் பெரியவர் பாக்சிக்குக்கு வழி சொல்லிக்கொண்டே வந்தார், இந்த லேனில் போங்கள், அந்த லாரியைத் தாண்டுங்கள் என்று. நெடுஞ்சாலையில் பஸ்ஸுக்கு 90 கிலோமீட்டர்தான் உச்சவரம்பு, அதை பாக்சிக் தாண்டவே மாட்டார், அது இவருக்குப் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது அந்தப் பெரியவருடைய முறை பின்னால் வந்தது. தைப்பிங் பெயர்ப்பலகை கண்ணில் பட்டதும் அவரே ஆரம்பித்தார், மலாயாவின் முதல் ரயில் பாதை இங்கேதான், தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை, 1885-ல் திறந்தது, ஈயம் ஏற்றுவதற்காகப் போட்டது, போர்ட் வெல்ட் என்பதுதான் இன்றைய கோலா செப்பெத்தாங் என்று. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம், அப்பாவும் ரயில்வேதானாம், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவராம். பின்வரிசைப் பிள்ளைகள் போனை வைத்துவிட்டுக் கேட்டார்கள். ஈப்போவுக்கு முன்னால் மெனோரா சுரங்கப் பாதைக்குள் பஸ் நுழையும்போதும் அவர் பேச்சை நிறுத்தவில்லை.

கூட வந்தவர்களில் கிள்ளான் அக்காக்கள் நாலு பேரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஏறும்போதே ஆளுக்கு இரண்டு பை, எலுமிச்சைச் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், அவித்த கடலை. யாருக்காவது பசிக்கிறது என்று சொல்லக்கூடத் தேவையில்லை, தட்டு தானாக வரும். ஈப்போவில் புந்தோங் பக்கம் நிறுத்தினார்கள், கச்சாங் பூத்தே கம்பம், நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலையும் முறுக்கும் ஓமப்பொடியும் போட்டு விற்கிற இடம். டூரில் எனக்கு மிகவும் பிடித்த நிறுத்தமே அதுதான், கடைக்குக் கடை ருசி பார்க்கக் கொடுக்கிறார்கள், காரக்கடலையைச் சூடாக அள்ளிப் போடுகிறார்கள். அதற்கப்புறம் பஸ் முழுக்கக் கருவேப்பிலை வாசம், தரையெல்லாம் ஓமப்பொடித் தூள். அக்காக்களே ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டிக்கொண்டு வரிசை வரிசையாகக் குப்பை வாங்கினார்கள்.

ஒரு இளைய அப்பா பிள்ளைக்குக் கார்ட்டூனை முழுச் சத்தத்தில் வைத்துக்கொண்டு வந்தார், இரண்டு தடவை சொன்ன பிறகுதான் இயர்போன் வந்தது. கரோக்கே மைக்கை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு அண்ணன் நன்றாகவே பாடினார், ஆனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதி பஸ் தூங்க நினைக்கும், அந்த நேரத்தில் மைக்கை அணைத்துவிடுவதுதான் நியாயம். ஏர்கோன் குளிர் என்று சிலர், புழுக்கம் என்று சிலர், அது எல்லா பஸ்ஸிலும் உள்ளதுதான், ஒரு போர்வை எடுத்துப் போங்கள். ஒருவர் அடிக்கடி கழிவறைக்கு நிறுத்தச் சொன்னதற்குச் சிலர் முகம் சுளித்தது எனக்குப் பிடிக்கவே இல்லை. சர்க்கரை வியாதிக்காரர் என்ன செய்வார்? தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கச் சொல்வதா?

பினாங்கில் ஏஜென்சி சறுக்கிய இடங்கள் இரண்டு. வெள்ளிக்கிழமை மதியத்துக்கு நாசி கண்டார் என்று, சோற்றில் கறி, மீன் குழம்புகளை ஊற்றித் தரும் சாப்பாட்டைப் போட்டிருக்கிறார்கள். நாசி கண்டார் பினாங்கில் சாப்பிட்டே ஆக வேண்டியதுதான், ஆனால் நம்மில் எத்தனை பேர் வெள்ளிக்கிழமை சைவம் என்று முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டாமா? ஏழெட்டுப் பேர் வெறும் சோறும் வெண்டைக்காயுமாக உட்கார்ந்திருக்க, தங்கச்சி அவர்களை லிட்டில் இந்தியாவுக்குக் கூட்டிப்போய் வாழையிலைச் சாப்பாடு வாங்கிக்கொடுத்தது.

இரண்டாவது, கொடிமலை, அதாவது பினாங்கு ஹில். 1923-ல் ஓடத் தொடங்கிய இழுவை ரயில், இப்போது ஓடும் பெட்டிகள் 2011-ல் வந்தவை, விறுவிறுவென்று மேலே கொண்டுபோய் விட்டுவிடும். மேலே குளிர்ச்சி, முருகன் கோயில், கீழே ஜார்ஜ் டவுனும் கடலும் பாலமும். ஆனால் பள்ளி விடுமுறைச் சனிக்கிழமையில் சாதாரண டிக்கெட்டோடு இத்தனை பேரை வரிசையில் நிறுத்தினால் என்ன ஆகும்? இரண்டு மணி நேரம் போல நின்றோம், மேலே இருந்தது அதில் பாதிகூட இல்லை. அந்த வரிசையில் எங்கள் ஆள் ஒருவர் முன்னால் நின்று தன் குடும்பம் முழுவதையும் பிறகு உள்ளே இழுத்துக்கொண்டார், பின்னால் நின்ற சீனக் குடும்பம் சத்தம் போட்டது, அவர்கள் பக்கம்தான் நியாயம். வேகப்பாதை டிக்கெட் என்று தனியாக விற்கிறார்கள், அதற்கான பணத்தைச் சேர்த்தே வாங்கியிருந்தால் யாரும் மறுத்திருக்க மாட்டோம்.

அன்று காலை போன தண்ணீர்மலை முருகன் கோயில் மட்டும் மனதுக்கு நிறைவாக இருந்தது. 513 படி. கொடுத்த நேரம் ஒரு மணிதான், இளைஞர்களுக்கே மூச்சு வாங்கும். அம்மாவும் ரவாங் தம்பதியும் அடிவாரத்துப் பிள்ளையார் கோயிலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். கிள்ளான் அக்காக்கள் மேலே ஏறிப் பாலதண்டாயுதபாணியைக் கும்பிட்டுவிட்டு இறங்கி வந்து, காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்த விபூதியைக் கீழே இருந்த ஒவ்வொருவருக்கும், முன்பின் தெரியாதவர்களுக்கும்கூட, தாங்களே நெற்றியில் பூசிவிட்டார்கள். அந்த ஐயா கண்ணை மூடிக்கொண்டு நின்றார். இந்த இடத்துக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள் என்று ஏஜென்சியைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஞாயிறு காலை ஜார்ஜ் டவுன், நடந்து பார்க்கிற ஊர். 1833-ல் கட்டிய குவீன் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில், நாலடி நடந்தால் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், அதே தெருவில் சீனர்களின் குவான் யின் கோயில். சௌராஸ்தா மார்க்கெட்டில் ஜாதிக்காய் ஊறுகாய் வாங்கினோம். தௌசார் பியா என்கிற பருப்புப் பூரண பிஸ்கட் பெட்டிகள்தான் பிரச்சினை. ஆளுக்கு நாலைந்து பெட்டி வாங்கி பஸ்ஸுக்குள் சீட்டுகளுக்கு நடுவே நடக்கும் வழியிலேயே அடுக்கிவிட்டார்கள். பாக்சிக் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி, கீழே லக்கேஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். கடைசிப் பெட்டி உள்ளே போன பிறகுதான் பஸ் கிளம்பியது. அவர் செய்தது முற்றிலும் சரி, ஏதாவது ஆகிவிட்டால் அத்தனை பேரும் அந்த நடுவழியாகத்தான் வெளியே ஓட வேண்டும். திரும்பும்போது 2014-ல் திறந்த இரண்டாவது பாலத்தில் வந்தோம், 24 கிலோமீட்டர், இரு பக்கமும் கடல், அதற்காகவே ஜன்னல் சீட் கேட்டு வாங்கலாம்.

இதையெல்லாம் ஏஜென்சிக்கு வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்பினேன்: டிக்கெட்டில் சீட் எண் போடுங்கள், தினமும் மாற்றுங்கள், முழங்கால் வலிக்காரர்களுக்கு முன்வரிசையை ஒதுக்குங்கள், சைவம் யார் என்று பணம் வாங்கும்போதே கேளுங்கள். அடுத்து வரும் கேமரன் மலை டூருக்குச் சீட் எண் உண்டு என்று பதில் வந்திருக்கிறது. சித்தி இப்போதே பெயர் கொடுக்கச் சொல்லிவிட்டார். நீங்களும் பதிவு செய்தால் எந்த டூர் லீடர் வருகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள், இந்தத் தங்கச்சி வருகிறது என்றால் யோசிக்காமல் பணத்தைக் கட்டுங்கள்.