ஆர்.டி. 350: முள் ஆடிய இரண்டு வருடம்

அம்பத்தூர் நண்பர் போன வாரம் போன் செய்தார். ஆர்.டி. 350 பைக், அதாவது ராஜ்தூத் 350, ஒன்று விலைக்கு வந்திருக்கிறதாம். எல்லாம் நன்றாக இருக்கிறதாம், இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஆர்.பி.எம். மீட்டர் மட்டும் ஓடவில்லையாம். "மீட்டர் மட்டும்தானே, வாங்கிடவா?" என்றார். அந்த 'மட்டும்தானே' மனதில் தைத்துவிட்டது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

என்னுடையது 1987 எல்.டி. (லோ டார்க்) மாடல். ஹெச்.டி. (ஹை டார்க்) மாடலுக்கு 30.5 குதிரைத்திறன், இதற்கு 27. பதினோரு வருடமாக என்னிடம் இருக்கிறது. மற்ற விவரமெல்லாம் இந்த வண்டியைத் தேடுகிறவர்களுக்குத் தெரிந்ததுதான்.

முதல் எட்டு வருடம் மீட்டரைப் பற்றி நினைத்ததே இல்லை. அப்புறம் ஒருநாள் ஈ.சி.ஆரில் சீராக அறுபதில் போகும்போது முள் மூவாயிரத்துக்கும் ஐந்தாயிரத்துக்கும் நடுவே துடிக்க ஆரம்பித்தது. மெக்கானிக், இன்ஜினிலிருந்து மீட்டரைச் சுற்றும் கேபிளை மாற்றி, கிரீஸை நன்றாக அப்பிக் கொடுத்தார். இரண்டு வாரம் ஒழுங்காக இருந்தது. பிறகு முள் ஒரேயடியாகக் கடைசிக்கு ஓடி, இன்ஜினை நிறுத்தின பிறகும் அங்கேயே நின்றது. இன்னொரு கேபிள் போட்டோம், அதே கதை. "விடுங்க சார், காதால கேட்டே ஓட்டலாம், கழற்றிப் போட்டுடலாம்" என்றார். புதிதாக ஒரு நகல் மீட்டரும் வாங்கிப் பார்த்தேன். பார்வைக்கு அச்சு அசல் அதேதான், ஆனால் முதல் மழைக்கே கண்ணாடிக்குள் நீர் கோத்துக்கொண்டது. அந்தப் பணத்தை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே உட்கார்ந்தேன். மீட்டர் பக்கம் கேபிளைக் கழற்றி, இன்ஜினை ஓட்டி, உள்ளே சுழலும் கம்பியான இன்னரின் நுனியைப் பார்த்தேன். தடங்கல் இல்லாமல் சுற்றியது. ஆக, கீழே கேபிளைச் சுற்றும் பல் சக்கரத்திலும் கேபிளிலும் குறை இல்லை. அடுத்து, இன்னரில் ஒரு துண்டை வெட்டி டிரில்லில் மாட்டி, அதை வைத்து மீட்டரை மெதுவாகச் சுற்றினேன். (முள் பின்பக்கம் போய் முட்டினால் டிரில்லைத் திருப்பிச் சுற்ற வேண்டும், பலத்தைக் காட்டக் கூடாது.) முள் விருட்டென்று ஏறிப்போய் ஒட்டிக்கொண்டது. நோய் மீட்டருக்குள்தான்.

பழைய மீட்டரைப் புதுப்பேட்டையில் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். மடித்துவிட்ட வளையத்தைச் சிறிய திருப்புளியால் சுற்றிச்சுற்றி, அவசரமே இல்லாமல் நிமிர்த்தித் திறந்தார். "இவ்வளோ கிரீஸ யாரு தம்பி வச்சது?" என்றார். உள்ளே கேபிள் சுற்றுவது ஒரு காந்தத்தை. அதன் மேல் தொட்டும் தொடாமலும் ஒரு அலுமினியக் கிண்ணம், கிண்ணத்தோடு முள், முள்ளைப் பின்னுக்கு இழுக்க மயிரிழை போல ஒரு ஸ்பிரிங். காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் எழும் சுழல் மின்னோட்டம்தான் முள்ளைத் தள்ளுகிறது. கிண்ணத்தைக் காந்தம் தொடவே கூடாது. இன்னரின் கம்பிச்சுற்று ஒரு திருகாணி மாதிரி, கீழே வைத்த கிரீஸை மேலே ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. கிரீஸ் அந்த இடைவெளியை அடைத்ததும் கிண்ணம் காந்தத்தோடு சேர்ந்தே இழுபட்டது. போதாததற்குப் புதுக் கேபிளின் இன்னர் சில மில்லிமீட்டர் நீளம். நட்டை இறுக்க இறுக்க அது காந்தத்தின் தண்டை மேலே தள்ளியிருக்கிறது.

அதாவது முதலில் இருந்தது காய்ந்துபோன புஷ் (காந்தத்தின் தண்டைத் தாங்கும் வளையம்) மட்டும்தான். மற்றதெல்லாம் ரிப்பேர் செய்யப்போய் நாங்களே உண்டாக்கியது.

முள்ளைப் பிடுங்குமுன் அது நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டார். எண் பலகையில் பெட்ரோல் படாமல் உள்பாகங்களைக் கழுவினார். புஷ்ஷுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. கேபிளின் மேல்முனையில் ஒரு சாண் அளவுக்குக் கிரீஸே கூடாது என்று இரண்டு முறை சொன்னார். மீட்டரைத் தாங்கும் ரப்பர்களும் இறுகிப்போயிருந்தன, அவற்றையும் மாற்றினேன். 1,200 ரூபாய் வாங்கினார். இரண்டாயிரம் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து இடப்பக்க மூடியைக் கழற்றி, கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) நுனியில் இருக்கும் ரோட்டரில் மினுக்கும் டேப் ஒட்டி, ரிச்சி தெருவில் வாங்கிய, சுற்றை எண்ணும் லேசர் டாக்கோமீட்டரைக் காட்டினேன். நாலாயிரத்தில் வித்தியாசம் நூறுகூட இல்லை.

காதால் கேட்டே ஓட்டலாம் என்பவர்களுக்கு இந்த ஜூனில் நடந்ததைச் சொல்ல வேண்டும். சிக்னலில் ஆக்ஸிலேட்டரை விட்டால் முள் 1,200க்கு இறங்க வேண்டும். ஆனால் இரண்டாயிரத்தில் கொஞ்ச நேரம் நின்று, அப்புறம்தான் இறங்கியது. சத்தத்தில் எனக்கு எதுவும் தெரியவில்லை, அண்ணா சாலை இரைச்சலில் யாருக்குத்தான் தெரியும்? எங்கோ காற்று உள்ளே போகிறது என்று சந்தேகம். கார்புரேட்டர் ரப்பர்கள் சரியாக இருந்தன. ரோட்டருக்குப் பின்னால், கிராங்கைச் சுற்றிக் கசிவை அடைக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலின் உதடு கல்லாக இறுகியிருந்தது. வலப்பக்க சீல் போனால் கியர் ஆயிலை இழுத்துப் புகையாவது கக்கிக் காட்டிக்கொடுக்கும். இடப்பக்கம் போனால் சத்தமே இல்லாமல் கலவையில் காற்று கூடி, சூடேறி, ஒருநாள் நெடுஞ்சாலையில் பிஸ்டன் இறுகிச் சிக்கி சீஸ் ஆகும். அந்த முள் என் இன்ஜினைக் காப்பாற்றியது. பதினோரு வருடத்தில் இந்த வண்டி எனக்குக் கொடுத்த பெரிய சந்தோஷம் அதுதான், வேகம்கூட இரண்டாவதுதான்.

நண்பரிடம் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முள் ஓடாமல் எத்தனை வருடம் ஓட்டினார்களோ, அந்த சீல்கள் எப்படி இருக்கின்றனவோ, யார் கண்டது? இப்போது கேட்கிற விலைக்கு அந்தத் தலைவலியை யாருக்கும் சிபாரிசு செய்ய எனக்கு மனமில்லை. என் வண்டியை மட்டும் யார் கேட்டாலும் தரமாட்டேன். அப்புறம், அந்த மீட்டரைத் தனியாகக் கழற்றித் தருவார்களா என்று அவரையே விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.