அடுப்பைக் கெடுத்தது என் துடைப்புத் துணி: மூன்று பர்னர் அடுப்புடன் 9 ஆண்டுகள்

எங்கள் வீட்டு எரிவாயு அடுப்புக்கு இந்த ஆண்டோடு 9 வயது முடிகிறது. மூன்று பர்னர், மேலே கறுப்புக் கண்ணாடி, பித்தளை மூடிகள். புதிதாக வாங்கியதும் எழுதப்படும் பாராட்டுரைகளை நான் நம்புவதில்லை. முதல் மாதத்தில் எந்த அடுப்பும் நன்றாகத்தான் எரியும். இந்த 9 ஆண்டுகளில் நான்கு முறை பழுது பார்க்க நேர்ந்தது. அதில் மூன்று சமைத்ததால் வந்தவை அல்ல, சுத்தம் செய்ததால் வந்தவை. வீட்டில் பெரும்பாலும் சமைப்பதும் நான், துடைப்பதும் நான் என்பதால் பழி போட வேறு ஆளும் கிடைக்கவில்லை.

முதல் பழுது இரண்டாம் ஆண்டில் வந்தது. பால் பொங்கி வழிந்து நடு பர்னர் முழுவதும் கருகிப் பிடித்துக்கொண்டது. கழற்றி, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பளபளவென்று தேய்த்து, அவசரத்தில் ஈரத்தோடு திருப்பி மாட்டினேன். பற்றவைத்ததும் ‘டப்’ என்று ஒரு சத்தம். மேலே சுடர் இல்லை. ஆனால் உள்ளே எங்கேயோ ‘உஸ்’ஸென்று இரைந்துகொண்டிருந்தது. குனிந்து பார்த்தால் அடுப்பின் வயிற்றுக்குள் நீல வெளிச்சம்! குமிழைத் திருகி அணைத்துவிட்டு, தெரிந்த மெக்கானிக்கை அழைத்தேன். அவர் மூடியைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே ஒரு கரண்டி அளவுக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது.

“சார், இதைக் குளிப்பாட்டினீர்களா?” என்றார்.

அவர் சொன்ன விளக்கம் அதற்குப் பிறகு வந்த எல்லாப் பிரச்சினைகளுக்கும் உதவியது. குமிழைத் திறந்ததும் எரிவாயு, ஜெட் எனப்படும் மிக நுண்ணிய துளை வழியாகப் பீறிட்டு வருகிறது. அந்த வேகமே சுற்றியுள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு கலவைக் குழாய்க்குள் நுழைகிறது. காற்றும் வாயுவும் கலந்து பர்னர் துளைகளில் வெளியேறும்போது நாம் பற்றவைக்கிறோம். கலவை வெளியே வரும் வேகம், சுடர் பின்னோக்கிப் பரவும் வேகத்தைவிடக் கூடுதலாக இருக்கும்வரை சுடர் துளையின் வாயிலேயே நிற்கும். தண்ணீர் அடைத்தாலோ, மூடி கோணலாக உட்கார்ந்தாலோ இந்தக் கணக்கு குலைந்து, சுடர் உள்ளே போய் ஜெட்டின் முனையிலேயே எரியத் தொடங்கும். அப்படியே விட்டால் குழாயும் வால்வும் சூடேறிக் கெடும். உடனே அணைத்து, ஆறவிட்டு, மூடியைச் சரியாகப் பொருத்திய பிறகுதான் மறுபடி பற்றவைக்க வேண்டும்.

அன்றிலிருந்து பர்னர் கழுவுவது இரவு வேலை. கடைசிச் சமையல் முடிந்து, அடுப்பு ஆறிய பிறகு கழற்றிக் கழுவி, துணியின் மேல் கவிழ்த்து வைத்துவிடுவேன். காலையில்தான் மாட்டுவேன். என் பர்னரின் அடிப்பாகம் அலுமினிய வார்ப்பு. அதைக் காரம் மிகுந்த சலவைப் பொடியில் ஊறப்போட்டால் கறுத்து அரிக்கும் என்பதையும் அனுபவத்தில் தெரிந்துகொண்டேன். மூடியை மாட்டும்போது அதன் அடியிலுள்ள சிறு முளைகள் பள்ளத்தில் உட்கார்ந்தனவா என்று விரலால் ஒருமுறை அசைத்துப் பார்க்கிறேன். ஆடினால் சரியாக உட்காரவில்லை.

இரண்டாவது தவறு இதைவிட மோசமானது. பக்கத்து பர்னரில் சுடர் சிறுத்துக்கொண்டே வந்தது. அடைப்பு என்று நினைத்து, தையல் ஊசியை ஜெட்டுக்குள் விட்டு நன்றாகக் குடைந்தேன். சுடர் பெரிதானது, எனக்கோ பெருமை தாங்கவில்லை. ஒரு வாரத்தில் பாத்திரங்களின் அடியெல்லாம் கரி. ஜெட்டின் துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கணக்கிட்டுத் துளைத்த அளவு அது. சற்று அகன்றாலும் வாயு கூடும், ஆனால் அதற்குத் தக்க காற்று கூடாது. ஜெட்டையே மாற்ற வேண்டியதாயிற்று. பர்னரின் மேல் துளைகளை ஊசியால் குத்திச் சுத்தம் செய்யலாம், ஜெட்டைத் தொடக்கூடாது. பல்குத்தியும் தீக்குச்சியும் எங்கும் வேண்டாம். அவை உள்ளே ஒடிந்தால் எடுப்பது பெரும்பாடு.

இதே காரணத்தால்தான் சிலிண்டர் எரிவாயுவுக்கு வாங்கிய அடுப்பைக் குழாய்வழி வரும் இயற்கை எரிவாயுவில் அப்படியே இணைக்க முடியாது. இயற்கை எரிவாயுவின் அழுத்தமும், ஒரே அளவு வாயுவில் கிடைக்கும் வெப்பமும் குறைவு. அதனால் அதன் ஜெட் துளை பெரிது. அந்தப் பெரிய துளையில் சிலிண்டர் வாயுவை விட்டால் சுடர் கூரையைப் பார்த்து எழும்.

இந்த இரண்டு தவறுகளுக்குப் பிறகு சுடரைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். நல்ல சுடர் நீலமாக இருக்கும். ஒவ்வொரு துளையின் மேலும் சிறிய, கூர்மையான உட்கூம்பு ஒன்று தெளிவாகத் தெரியும். சத்தம் மெல்லிய சீரான இரைச்சல்தான். மஞ்சளாக, சோம்பலாக நாக்கு நீட்டினால் காற்றுப் போதவில்லை, எரிதல் முழுமையாகவில்லை என்று பொருள். கரி கண்ணுக்குத் தெரிகிற அடையாளம். நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு தெரியாமல் சேர்கிற ஆபத்து. சுடர் பர்னரைவிட்டு எழும்பி, மிதப்பதுபோல் படபடத்தால் காற்று கூடிவிட்டது, அல்லது அழுத்தம் கூடிவிட்டது. ரெகுலேட்டரைக் காட்ட வேண்டிய நேரம் அது.

ஆனால் மஞ்சளைக் கண்டதெல்லாம் பழுது என்று பதற வேண்டாம். உப்புப் போட்ட தண்ணீர் பொங்கி வழிந்தாலும் சுடர் ஆரஞ்சு மஞ்சளாக மாறும். அது சோடியத்தின் நிறம், சற்று நேரத்தில் போய்விடும். அறையில் ஈரப்பதமூட்டி ஓடினாலும், தூசு பறந்தாலும் அப்படித்தான். பாத்திரத்தின் அடியை விரலால் தடவிப் பார்ப்பது என் சோதனை. கரி ஒட்டினால் பழுது, ஒட்டாவிட்டால் காத்திருக்கலாம். ஒருமுறை இரண்டு வாரம் வெளியூர் போய்விட்டுத் திரும்பினால் ஒரு பர்னர் மட்டும் மஞ்சளாக எரிந்தது. கலவைக் குழாய்க்குள் சிலந்தி குடியேறியிருந்தது. குப்பி கழுவும் மெல்லிய பிரஷ்ஷை விட்டு எடுத்ததும் சரியாகிவிட்டது. இதை நான் பழுதுக் கணக்கில் சேர்க்கவில்லை.

மூன்றாவது பழுது, தானாகப் பற்றவைக்கும் பொறி. எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கும் திரவத்தை அடுப்பின் மேல் தாராளமாகத் தெளித்துத் துடைத்தேன். பிறகு குமிழை அழுத்தினால் ‘டிக் டிக் டிக்’ என்று சத்தம் மட்டும் வருகிறது, பொறி பர்னருக்கு வரவில்லை. விளக்கை அணைத்துப் பார்த்தபோது, வெள்ளைப் பீங்கான் தண்டின் அடியிலேயே பொறி தாவி வீணாவது தெரிந்தது. ஈரம்தான் காரணம் என்று ஒரு நாள் காயவிட்டேன். இரண்டு பர்னர்கள் தேறின. மூன்றாவதில் என் பிரஷ் இடித்து பீங்கானில் முடிபோன்ற விரிசல் விழுந்திருந்தது, மாற்றத்தான் வேண்டியிருந்தது. இப்போது திரவத்தைத் துணியில்தான் தெளிக்கிறேன், அடுப்பில் அல்ல. பொறி வராவிட்டால் வாயுவைத் திறந்து வைத்துக்கொண்டு பத்து முறை முயல்வதில்லை. அணைத்து, வாயு கலையச் சற்று நேரம் விட்டு, தீக்குச்சியை முதலில் பற்றவைத்துக்கொண்டு அதன் பிறகே குமிழைத் திறக்கிறேன்.

இந்த அடுப்பில் எனக்கு மிகவும் பிடித்தது, வாங்கும்போது நான் கண்டுகொள்ளாத ஒன்று: பெரிய பர்னரில் சுடர் அணைந்தால் வாயுவை நிறுத்தும் பாதுகாப்பு அமைப்பு. சுடருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன உலோக முனை நிற்கும். அது சூடாக இருக்கும்வரை சில மில்லிவோல்ட் மின்னழுத்தம் உண்டாகி, ஒரு காந்த வால்வைத் திறந்து பிடித்திருக்கும். பற்றவைத்த பின்பும் சில நொடி குமிழை அழுத்திப் பிடிக்கச் சொல்வது இதற்காகத்தான். காற்றடித்தோ பால் பொங்கியோ சுடர் அணைந்தால், முனை ஆறி வால்வு மூடிக்கொள்ளும். சில மாதங்களுக்கு ஒருமுறை ஜன்னலைத் திறந்துவைத்து, சுடரை வேண்டுமென்றே அணைத்துச் சோதிக்கிறேன். ஏறக்குறைய 20 நொடியில் உள்ளே ‘தட்’ என்று கேட்கும். கையை எடுத்ததும் சுடர் அணைந்துகொண்டே இருந்தால் பெரும்பாலும் அந்த முனையில் கரி படிந்திருக்கும். மெல்லிய துணியால் துடைத்தால் போதும். மற்ற இரண்டு பர்னர்களுக்கு இந்த வசதி இல்லை. மூன்றுக்கும் உள்ள அடுப்பு அன்றே கடையில் இருந்தது. கண்ணாடியின் பளபளப்பைப் பார்த்து இதை வாங்கினேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

நான்காவது பழுதில் என் தவறு இல்லை. ஆனால் நான் பயந்தது அதில்தான். ஒரு காலை, சிலிண்டர் இருக்கும் மேடைக்கடி அலமாரியைத் திறந்ததும் அழுகிய முட்டைக்கோஸ் போன்ற வாடை. புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த சமையல் வாயுவுக்கு இயல்பில் மணமே கிடையாது. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைச் சேர்க்கிறார்கள். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. புரோப்பேன் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. ஆகவே மேலே போகாமல் தரையில் பரவி, மூலையிலும் அலமாரியிலும் தேங்கும். காற்றில் 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். இயற்கை எரிவாயு இதற்கு நேரெதிர்; மீத்தேன் லேசானது, கூரைப் பக்கம் போகும்.

விளக்கு சுவிட்ச்சுக்குப் போன கையை இழுத்துக்கொண்டேன். போடுவதும் கூடாது, எரிகிறதை அணைப்பதும் கூடாது. இரண்டிலும் பொறி வரும். மின்விசிறிக்கும் அதே விதிதான். ரெகுலேட்டரை மூடி, கதவையும் ஜன்னலையும் திறந்துவிட்டு, எல்லோரையும் வெளியே அழைத்து வந்து, அங்கிருந்துதான் தொலைபேசியில் பேசினேன். வந்தவர் சோப்பு நுரையை ஒவ்வொரு இணைப்பிலும் தடவினார். ரெகுலேட்டரும் சிலிண்டரும் சேருமிடத்தில் கடுகளவில் ஒரு குமிழி எழுந்து, பெருத்து, உடைந்து, மறுபடி எழுந்தது. வால்வுக்குள் இருந்த ரப்பர் வளையம் வெடித்திருந்தது. மாற்ற ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

இப்போது சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் நானே நுரை தடவிப் பார்க்கிறேன். தீக்குச்சியைக் கொளுத்திக் கசிவு பார்ப்பவர்களை நேரில் கண்டிருக்கிறேன். அவர்கள் வீட்டு விருந்துக்குப் போவதை நான் தவிர்க்கிறேன். இரவில் ரெகுலேட்டரை மூடிவிட்டுத்தான் படுக்கிறோம். ஏனெனில் முன்பு சொன்ன பாதுகாப்பு அமைப்புக்கு பர்னர் அணைந்தது மட்டுமே தெரியும், குழாயில் கசிவது தெரியாது. ரப்பர் குழாயை அதன் மேல் அச்சிட்ட காலக்கெடு முடியும் முன்பே மாற்றிவிடுகிறேன். இடையிலும் அவ்வப்போது லேசாக வளைத்து வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கிறேன். அதற்கு அழகாகத் துணியுறை போடுவது வெடிப்பையும் எலிக்கடியையும் மறைத்து வைப்பதுதான்.

மூத்தவர்களுக்கு மோப்பம் மங்கும். நமக்கும் ஒரு வாடையிலேயே இருந்தால் மூக்கு பழகிவிடும். அதனால் ஒரு கசிவு எச்சரிக்கைக் கருவி வாங்கினேன். சிலிண்டர் வாயு என்பதால் தரைக்குச் சற்று மேலே பொருத்தினோம். கார்பன் மோனாக்சைடைக் காட்டும் கருவி வேறு, இது அந்த வேலையைச் செய்யாது.

கண்ணாடி பற்றிப் பலர் கேட்கிறார்கள். என்னுடையது இதுவரை உடையவில்லை, தேய்ப்பான் போட்ட கீறல்கள் மட்டுமே உண்டு. கடினமாக்கிய கண்ணாடி சாதாரணக் கண்ணாடியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வலிது, ஆனால் விளிம்பில் பலவீனம். ஓரத்தில் இரும்புச் சட்டி இடித்தால் மொத்தமும் சிறுசிறு துண்டுகளாகச் சிதறும். பர்னரைவிட மிகப் பெரிய பாத்திரத்தை வெகுநேரம் வைத்தால் வெப்பம் திரும்பிக் கண்ணாடியில் இறங்கும். சூடாக இருக்கும்போது ஈரத்துணி போடுவதும் அதற்கு ஆகாது. பொங்கியது உடனே துடைக்காவிட்டால் காய்ந்துவிடுமே என்ற என் அவசரத்தை அடக்க ஓராண்டு பிடித்தது.

காற்றோட்டம் பற்றி ஒரு கணக்கு. ஒரு கிலோ சமையல் வாயு முழுமையாக எரிந்தால் சுமார் 3 கிலோ கரியமில வாயுவும், ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவியும் உண்டாகும். ஜன்னலைச் சாத்திச் சமைத்தால் சுவர் வியர்ப்பது அதனால்தான். அதோடு நைட்ரஜன் டை ஆக்சைடும் சேரும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது தொல்லை. புகைபோக்கியின் வடிகட்டியை மாதமொருமுறை கழுவுகிறேன்; அதில் தேங்கும் எண்ணெய் தீப்பிடிக்கக் கூடியது. சட்டியில் எண்ணெயே பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக்கூடாது. அடுப்பை அணைத்து, மூடியால் மூடி, ஆறும்வரை திறக்காமல் விட வேண்டும். அதற்காகவே ஒரு தட்டையான மூடி எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

இப்போதைய நிலவரம்: இரண்டு வாரமாக இடது குமிழ் இறுகிப்போய்த் திரும்ப மறுக்கிறது. எண்ணெய் விடலாமா என்று கை துறுதுறுக்கிறது. அந்த வால்வுக்குள் இருப்பது வெப்பத்தைத் தாங்குகிற தனி கிரீஸ். வாயு கசியாமல் அடைப்பதும் அதுதான். சமையல் எண்ணெய் அதைக் கரைத்துவிடும் என்று மெக்கானிக் தொலைபேசியில் சொன்னார். வியாழக்கிழமை வருகிறார். அதுவரை அந்தக் குமிழின் மேல் காகிதநாடா ஒட்டி வைத்திருக்கிறேன், முக்கியமாக எனக்காக.