திருத்தாமல் அடித்துத் தரும் கடை

மதுரை ஒத்தக்கடையில் டைப்டு செட் (ஹைகோர்ட்டில் வைக்க வழக்கு ஆவணங்களை அடித்துக் கட்டுகிற தொகுப்பு) போட நல்ல கடை எது என்று ஜூனியர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். போனில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, எழுதியே வைத்துவிடுகிறேன்.

நான் வக்கீல் குமாஸ்தா. 2004 ஜூலையில் ஹைகோர்ட் மதுரைக் கிளை திறந்ததிலிருந்து இந்த ரோட்டில்தான் கட்டுகளைச் சுமந்துகொண்டு அலைகிறேன். எங்கள் ஆபீஸில் கிரிமினல் அப்பீல் அதிகம், அதிலும் கஞ்சா வழக்கு நிறைய. கஞ்சா விற்றவனுக்கெல்லாம் ஓடி ஓடி வேலை பார்க்க வேண்டுமா என்று என் வீட்டம்மாவே கேட்பாள். அவளுக்குப் பதில் சொல்லித் தீராது. இது கடையைப் பற்றி.

கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. ‘ஜெராக்ஸ் டைப்பிங் மொழிபெயர்ப்பு’ என்று கதவில் ஸ்டிக்கர் மட்டும் ஒட்டியிருக்கும். மாடியில் இருக்கிறது, படி குறுகல். மேலே போய் உட்கார்ந்தால் ஜன்னலில் யானைமலை முழுசாகத் தெரியும். நடத்துகிறவர் ஒரு அக்கா, ஐம்பது தாண்டியவர், தட்டச்சு மெஷின் காலத்து ஆள், தமிழ் ஹையர் பாஸ். கூட ஒரு பையன் ஸ்கேனிங் பார்க்கிறான்.

இந்தக் கடைக்கு நான் வந்ததே வேறொரு கடையில் பட்ட அடியால்தான். அந்தக் கடை எது என்று கேட்காதீர்கள்.

2021-ல் பிடித்த வழக்கு. இரண்டு சணல் சாக்கு கஞ்சா. தண்டனை பத்து வருடம், ஒரு லட்சம் அபராதம். தமிழில் கையால் எழுதிய மகஜரை, அதாவது பறிமுதல் செய்த இடத்தில் போலீஸ் எழுதுகிற குறிப்பை, ஆங்கிலத்தில் மாற்றி அடித்துத்தான் ஹைகோர்ட்டில் வைக்க வேண்டும். முதலில் கொடுத்த கடை இரண்டே நாளில் வேலையை முடித்துக் கொடுத்தது. எழுத்து பளிச்சென்று, பக்க எண் எல்லாம் ஒழுங்காக இருந்தது. எங்கள் வக்கீல் சார் கையெழுத்துப் போட உட்கார்ந்தவர் ஐந்தாம் பக்கத்தில் நிறுத்திவிட்டு, "மூலத்தை எடுப்பா" என்றார்.

மூல மகஜரில் எடை 20 கிலோ 300 கிராம், "சாக்குடன்" என்று இருக்கிறது. அங்கேயே 50 கிராம் வீதம் இரண்டு மாதிரி எடுத்ததாக எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் மிச்சம் 20.200 இருக்க வேண்டும். ஆனால் கோர்ட்டுக்குப் பொருளை அனுப்பிய 95-ம் படிவத்திலும் அதே 20.300. எடுத்த நூறு கிராம் எந்தக் கணக்கில் போனது? டைப் அடித்த பையன் இதைக் கவனித்திருக்கிறான். கவனித்தவன் என்ன செய்தான் தெரியுமா? கணக்குப் போட்டு 20.200 என்று திருத்திவிட்டான்! "சாக்குடன்" என்ற வார்த்தையையும் வேண்டாத வார்த்தை என்று விட்டுவிட்டான். லேப் ரிப்போர்ட்டில் இரண்டாவது மாதிரி 42 கிராம். அதையும் 50 ஆக்கி வைத்திருந்தான்.

நல்ல பையன்தான், தப்பைச் சரி செய்ததாகத்தான் நினைத்திருப்பான். ஆனால் எங்கள் அப்பீலே அந்தத் தப்பில்தான் நிற்கிறது. கஞ்சாவுக்கு வணிக அளவு என்பது 20 கிலோவுக்கு மேல். தாண்டினால் பத்து வருடத்துக்குக் குறையாது. தாண்டாவிட்டால் பத்து என்பது உச்சம், நீதிபதி அதற்குக் கீழே எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். இரண்டு சணல் சாக்கும் சேர்ந்து அரைக் கிலோவாவது வராதா? அதைக் கழித்தால் கஞ்சா 20 கிலோவுக்குக் கீழே வந்துவிடும். எங்கள் கட்சிக்காரருக்கு அந்த ஒரு வார்த்தை எத்தனை வருடம் பெறும் என்று பாருங்கள். பிழையோடு அந்த செட் உள்ளே போய், ‘உண்மை நகல்’ என்று சார் கையெழுத்தும் அதில் இருந்திருந்தால், அரசு வக்கீலுக்கு நாங்களே வேலையை மிச்சம் பண்ணிக் கொடுத்திருப்போம்.

அப்புறம்தான் இந்த அக்காவிடம் வந்தேன். கட்டைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனவனுக்குப் பத்து நிமிஷத்தில் போன். "தம்பி, மகஜர்ல சாக்கோடன்னு இருக்கு, படிவத்துல சாக்கே இல்ல. எதை அடிக்க?" என்றார். "ரெண்டையும் இருக்கிறபடியே அடிங்கக்கா" என்றேன். "அதான் நானும் நினைச்சேன், ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டேன்" என்று வைத்துவிட்டார்.

அவர் வேலை செய்கிற விதம் இதுதான். இடது பக்கம் கையெழுத்து மூலத்தின் ஜெராக்ஸ், வலது பக்கம் அடித்தது. மேலெழுத்து, அதாவது எழுதியதன் மேலேயே திருத்தி எழுதியது, இருந்தால் அதையும் சொல்லிவிடுவார். எங்கள் மகஜரில் நேரம் எழுதிய இடத்தில் 7-ஐ 1 ஆக்கியதா 1-ஐ 7 ஆக்கியதா என்றே தெரியாது. அவர் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல், அடைப்புக்குறிக்குள் "மேலெழுத்து, 1 அல்லது 7" என்று போட்டார். தப்பாகத் தெரிகிற இடத்தில் "மூலத்தில் உள்ளவாறு". கோர்ட்டில் பொருள் வந்து சேர்ந்த தேதி முத்திரை மங்கலாக இருந்தது. முந்தைய கடையில் 10 என்று அடித்திருந்தார்கள். இவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "20 மாதிரி இருக்கு தம்பி, ஆனா நான் அடிக்க மாட்டேன். நீங்க பதிவேட்டைப் பார்த்துட்டு வாங்க" என்றார். கீழ்க் கோர்ட்டுக்குப் போய் சொத்துப் பதிவேட்டைப் பார்த்தேன். 20-தான். பறிமுதல் 4-ம் தேதி. பதினாறு நாள் அந்தப் பொட்டலங்கள் யாரிடம், எந்த அறையில், யார் முத்திரையோடு இருந்தன என்று சாட்சியத்தில் ஒருவரும் சொல்லவில்லை. அப்போது நடப்பில் இருந்த நிலையாணைப்படி (மாதிரியை எப்படிக் கையாள வேண்டும் என்ற அரசு உத்தரவு) மாதிரி 72 மணி நேரத்துக்குள் லேபுக்குக் கிளம்பியிருக்க வேண்டும்.

இன்னொரு சௌகரியம், அவர் கம்ப்யூட்டரில் ‘52ஏ’ என்று ஒரு ஃபோல்டர். போதைப்பொருள் சட்டத்தில் அந்தப் பிரிவுதான் மாதிரியை மாஜிஸ்திரேட் முன்னால் எடுக்கச் சொல்கிறது. தீர்ப்புகளை ஒழுங்காக அடுக்கி வைத்திருக்கிறார், கேட்டால் பிரிண்ட். பறிமுதல் செய்த இடத்திலேயே மாதிரி எடுக்க வழியில்லை என்ற 2016-ம் வருட மோகன்லால் தீர்ப்பு இருக்கிறது. சென்னையில் 2000-ல் லாரியில் பிடித்த 20 கிலோ ஹெராயின் வழக்கில் இந்தப் பிரிவைப் பின்பற்றவில்லை என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்த யூசுப் தீர்ப்பும் இருக்கிறது. கஞ்சாவோடு பச்சை மிளகாயும் கிடந்தும் பிரித்து எடை போடாமல் விட்ட தெலங்கானா வழக்கு, 2024. எனக்கு மிகவும் உதவியது 2004-ம் வருடக் கோவா வழக்கு. 115 கிராம் என்று சீல் வைத்த சரஸ் (கஞ்சாச் செடியின் பிசின்) பொட்டலம் லேபுக்குப் போனபோது 82.54 கிராம். 42 கிராமுக்கு வந்த எங்கள் மாதிரிக்கு அது அண்ணன் மாதிரி.

எலி வழக்கையும் ஒரு கட்சிக்காரர் கேட்டாராம். 22 கிலோ பிடித்த வழக்கில் மிச்சத்தை எலி தின்றுவிட்டது என்று போலீஸ் சொல்ல, 2023-ல் சென்னை சிறப்பு நீதிமன்றம் இரண்டு பேரை விட்டதே, அது. அக்கா அதை ஃபோல்டரில் சேர்க்கவில்லை. "அது கீழ்க் கோர்ட்டு தம்பி, ஹைகோர்ட்ல நீட்டினா சிரிப்பாங்க" என்றார். டைப்பிங் கடையில் இவ்வளவு விவரம் தெரிந்தவர்கள் குறைவு.

ஆனால் ஒன்று, ஃபோல்டரில் இருப்பதெல்லாம் நமக்குச் சாதகம் என்று நினைத்துப் போகாதீர்கள். 2025 ஜனவரியில் வந்த பாரத் ஆம்பாலே தீர்ப்பையும் அவரே எடுத்து நீட்டினார். 52ஏ சரியாகப் பின்பற்றவில்லை என்பதற்காக மட்டும் வழக்கு விழுந்துவிடாது, மற்ற சாட்சியம் நம்பும்படி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்கிறது அது. சார் முகம் கொஞ்சம் சுருங்கியது, ஆனால் வாதத்தை அதற்கேற்ப மாற்றி எழுதினார். நடைமுறைத் தப்பைப் பின்னால் தள்ளி, எடையையும் அந்தப் பதினாறு நாளையும் முன்னால் கொண்டுவந்தார்.

குறைகளும் உண்டு. நேரம் ஆகும். முந்தைய கடை இரண்டு நாளில் முடித்ததற்கு இவருக்கு ஆறு நாள். மொழிபெயர்த்து அடிக்கப் பக்கத்துக்கு நூறு ரூபாய், பேரம் கிடையாது. மத்தியானம் கரண்ட் போனால் யுபிஎஸ் கால் மணி நேரம்கூடத் தாங்காது. இ-ஃபைலிங்குக்குப் போடுகிற பிடிஎஃபில் பையன் இரண்டு தடவை பக்கத்தைத் தலைகீழாக ஸ்கேன் செய்துவிட்டான். நான் பார்த்திருக்காவிட்டால் அப்படியே திரும்பி வந்திருக்கும். பைண்டிங்கில் கோந்து ஈரமாகவே இருக்கும், பையில் வைக்கும் முன் காய விடுங்கள். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அந்த ஒன்று பையனால் போனது.

எங்கள் அப்பீல் இன்னும் லிஸ்ட்டில் வரவில்லை. போன வாரம் கட்சிக்காரரின் அம்மா ஆபீஸுக்கு வந்து, அந்த செட்டைக் கையில் வாங்கிப் புரட்டினார். ஆங்கிலம் தெரியாது. இடது பக்கத்து ஜெராக்ஸில் மகன் கையெழுத்துப் போட்ட இடத்தைக் கண்டுபிடித்து விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

சனிக்கிழமை மதியம் வரைதான் கடை, ஞாயிறு விடுமுறை. போகிறவர்கள் கோர்ட்டில் வாங்கிய சான்றிட்ட நகலைக் கையோடு எடுத்துப் போங்கள். செல்போனில் எடுத்த போட்டோவை நீட்டினால் அக்கா தொடமாட்டார்.