நாற்பதைத் தாண்டிய உடம்புக்கு எது: நடையா, ஜிம்மா, பந்தா?

சர்க்கரை எட்டிப் பார்த்ததும் டாக்டர் முதலில் சொல்வது "நடங்க" என்பதைத்தான். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நாற்பதைத் தாண்டியவர்களின் உடற்பயிற்சி பெரும்பாலும் அதோடு நின்றுவிடுகிறது. நடை நல்லது, யாரும் நிறுத்த வேண்டாம். ஆனால் அது மட்டும் போதாது. விட்டுப்போகும் பாதியை நிரப்ப ஜிம் நல்லதா, ஆள் உட்காரும் அளவுக்குப் பெரிய, காற்றடைத்த உடற்பயிற்சிப் பந்து நல்லதா என்பதுதான் கேள்வி.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது. கூடவே, வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் கேட்கிறது. முதலாவது வேகநடையில் கிடைத்துவிடும். இரண்டாவதைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரையும். தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியாதது, அரிசி மூட்டையை நகர்த்தியதும் இடுப்பு பிடித்துக்கொள்வது எல்லாம் இதன் அறிகுறிகளாக இருக்கலாம். எத்தனை ரவுண்டு நடந்தாலும் இது சரியாகாது.

வலு ஏற்றுவதில் ஜிம்தான் முதலிடம், அதில் சந்தேகமே இல்லை. எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம், தவறாகச் செய்தால் திருத்த ஆள் இருப்பார். ஓசூரில் ஷிஃப்ட் முடிந்து வருகிறவருக்கு வழியிலேயே ஒரு ஜிம் கிடைத்துவிடும். பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் ஐம்பது வயது அக்காவுக்கு? பஸ் பிடித்துப் போய், இருபது வயதுப் பையன்களுக்கு நடுவே நின்று எடை தூக்கச் சொன்னால், எத்தனை மாதம் தாங்கும்? தொடர முடியாத பயிற்சி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தும் பயனில்லை.

இங்கேதான் பந்து ஜெயிக்கிறது. "இந்த வயசுல பந்து விளையாட்டா?" என்று வீட்டில் கேட்பார்கள். 1963-ல் இத்தாலியின் அக்விலினோ கொசானி உருவாக்கிய இந்தப் பந்தை, சுவிட்சர்லாந்தில் பிசியோதெரபிஸ்டுகள் சிகிச்சைக்குப் பயன்படுத்தினார்கள். 'சுவிஸ் பால்' என்ற பெயர் அப்படி வந்ததுதான். பந்து உருளப் பார்க்கும், உருளவிடாமல் வயிறு, முதுகு, இடுப்புத் தசைகள் பிடித்து நிறுத்தும். சமநிலையும் அதோடு தேறும்.

எனக்கு மிகவும் பிடித்தது சுவர்ப் பயிற்சி. பந்தைச் சுவருக்கும் கீழ்முதுகுக்கும் நடுவே வைத்துச் சாய்ந்து நில்லுங்கள். பாதங்கள் ஓரடி முன்னால் இருக்கட்டும். மூச்சை அடக்காமல் மெல்லக் கீழே இறங்குங்கள், பந்து முதுகோடு உருண்டு மேலே ஏறும். முட்டி வலிக்காத ஆழம் வரை போதும், பிறகு எழுங்கள். தொடை சூடாவது நாலாவது ஐந்தாவது தடவையிலேயே தெரியும். முட்டிக்குப் பயந்து உட்கார்ந்தெழும் பயிற்சியையே விட்டவர்களுக்குக்கூட இது பெரும்பாலும் ஒத்துவரும்.

பந்துக்கும் எல்லை உண்டு. தசை தேறிய பிறகு அதற்குமேல் பாரம் கூட்ட அதில் வழி குறைவு. ரப்பர் பட்டையோ, தண்ணீர் நிரப்பிய பாட்டிலோ துணைக்கு வேண்டும். ஆபீஸ் நாற்காலிக்குப் பதில் நாள் முழுக்கப் பந்தில் உட்காருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். களைத்ததும் முதுகு கூனிவிடும். எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் (ஆஸ்டியோபோரோசிஸ்) முன்னால் மடங்கி வயிற்றை இறுக்கும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும். தலைசுற்றல் இருந்தால் பந்தே வேண்டாம்.

நம் மாவட்டங்களுக்கென்று ஒன்று இருக்கிறது. இங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆண்டுக்கணக்கில் போர் தண்ணீர் குடித்தவருக்குக் கழுத்தும் முதுகும் இறுகிப்போயிருந்தால், அதை வயசுக் கோளாறு என்று ஒதுக்காமல் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். எலும்பில் ஃபுளோரைடு படிந்த இறுக்கத்தைப் பந்தால் வளைக்க முடியாது, வளைக்கவும் கூடாது.

என் தீர்ப்பு: நடை தினமும், பந்து வாரம் இரண்டு மூன்று நாள். பக்கத்திலேயே நல்ல ஜிம் இருந்து, மனமும் இருந்தால் பந்துக்குப் பதில் ஜிம்.

வாங்கும்போது 'ஆன்ட்டி பர்ஸ்ட்' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், அது கிழிந்தாலும் படாரென்று வெடிக்காது. ஐந்தரை அடிக்குள் உயரம் என்றால் 55 செ.மீ., அதற்கு மேல் 65 செ.மீ. என்பது பொதுவான கணக்கு. சுவரில் தரையிலிருந்து பந்தின் அந்த 55 அல்லது 65 செ.மீ. அளவைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டு காற்றடியுங்கள். முதல் நாள் கோட்டுக்குச் சற்றுக் கீழேயே நிறுத்தி, பந்து இளகிய பிறகு மறுநாள் மிச்சத்தை அடியுங்கள். உட்கார்ந்தால் தொடை தரைக்கு இணையாக, அல்லது இடுப்பு முட்டியைவிடக் கொஞ்சம் உயரமாக இருக்க வேண்டும். கிரானைட்டோ டைல்ஸோ போட்ட வீட்டில் வெறுந்தரை வழுக்கும், ஜமக்காளமும் சேர்ந்து நகரும். ரப்பர் மேட் விரித்து, வெறுங்காலோடு, முதல் சில நாள் சுவரோரமாகச் செய்யுங்கள்.