இறக்கி வச்ச வண்டிக்கு எந்த பம்ப் ஸ்டாப்? ராம்நாடு பக்கம் ஓட்டிப் பாத்த அனுபவம்

வண்டி உயரத்த குறைக்கிற லோவரிங் ஸ்பிரிங் வாங்குறவங்க எல்லாரும் எத்தன மில்லிமீட்டர் இறங்கும்னுதான் கேக்குறாங்க, ஷாக் அப்சார்பர் ராடுல மாட்டிக் கிடக்குற பம்ப் ஸ்டாப்புங்கிற அந்த கருப்புத் துண்ட பத்தி யாரும் வாயத் திறக்குறதில்ல. என் பழைய ஸ்விஃப்ட்ட 35 மில்லி இறக்கி ரெண்டு வருஷத்துக்கு மேல கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, அப்பப்ப ராமேஸ்வரம்னு ஓட்டியாச்சு. ஸ்பிரிங் மாத்துனதவிட பம்ப் ஸ்டாப் மாத்துனதுலதான் வண்டி ஒழுங்கா ஓட ஆரம்பிச்சுச்சு.

கணக்கு சிம்பிள்தான். முன்னாடி மெக்பர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்னா சேந்த அமைப்பு, வீல் எவ்வளவு ஏறுதோ கிட்டத்தட்ட அதே அளவு ராடும் உள்ள போகும். கம்பெனி உயரத்துல பம்ப் ஸ்டாப் நுனிக்கும் ஷாக் பாடிக்கும் நடுவுல 50 மில்லி கேப்புன்னு வச்சுக்கங்க, 35 இறக்கிட்டா மிச்சம் 15, ரெண்டு பேர் உக்காந்தா அதுலயும் கொஞ்சம் போயிரும். அதுக்கப்புறம் நீங்க ஸ்பிரிங் மேல போகல, பம்ப் ஸ்டாப் மேலதான் போறீங்க. வண்டி கட்ட மாதிரி இறுகிப் போச்சுன்னு ஸ்பிரிங்க திட்டுற பல பேருக்கு பிரச்சினை இங்கதான் இருக்கும்.

நம்ம மெக்கானிக் தம்பிகிட்ட கேட்டா "அத கழட்டிப் போட்ருவோம்ணே, ராடு ஃபிரீயா ஓடும்"ங்கிறான். அத மட்டும் செஞ்சிராதீங்க. உள்ள பிஸ்டன் நேரா அடி வால்வுல போய் முட்டும், டயர் மேல உள்ள பிளாஸ்டிக்க உரசும், ஷாக்க மேல வண்டி பாடியோட பிடிக்கிற டாப் மவுண்ட்டும் சேந்து அடி வாங்கும். கடைசி கொஞ்ச தூரத்துக்கு அதுவும் ஒரு ஸ்பிரிங்தான், சும்மா முட்டுக்கட்டை இல்ல.

அப்ப எவ்வளவு நீளம்? இதுக்கு ஒரு கேபிள் டை போதும். ராடுல, ஷாக் பாடிய ஒட்டி, நகர்ற அளவுக்கு டைட்டா கட்டிட்டு ராட மூடியிருக்குற ரப்பர் உறைய (பூட்) தூக்கி விட்டு நீங்க தினம் போற ரோட்டுல ஒரு ரவுண்டு போயிட்டு வந்து ஜாக்கி போட்டுப் பாருங்க. பாடி தள்ளுன இடத்துல டை நிக்கும். எனக்கு அது பம்ப் ஸ்டாப் நுனியில அப்பி உக்காந்திருந்துச்சு, அதுவும் வெறும் ஊருக்குள்ள ஓட்டினதுக்கே. அப்புறம் நீளம் கம்மியான ஃபோம் ஸ்டாப் ஒன்னு வாங்கிப் போட்டேன். பழசையே வெட்டுறதா இருந்தா ஒல்லியான நுனியில கத்தி வைக்காதீங்க, அதுதான் மெதுவா தொட ஆரம்பிக்கிற இடம். மேல பக்கம், மவுண்ட்ல உக்கார்ற வாட்டம் கெடாம வெட்டணும். இறக்குன அளவு முழுசையும் வெட்டித் தள்ளவும் கூடாது, டயர் இடிக்காத அளவுக்கு மிச்சம் வேணும்.

மெட்டீரியல்ல என் ஓட்டு மைக்ரோசெல்லுலார் பாலியூரித்தேன் ஃபோமுக்குதான், பிஏஎஸ்எஃப் செல்லாஸ்டோன்னு விக்கிறது அந்த ரகம். பாதிக்கு மேலயே அமுங்கும், அமுங்க அமுங்க இறுகும். கெட்டி ரப்பர் அப்படி அமுங்காது, பக்கவாட்டுல பிதுங்கும், திருப்பி எத்தும். பாம்பன் ரோட்டுப் பாலத்துல வித்தியாசம் நல்லாவே தெரியும், ஒவ்வொரு ஜாயின்ட்லயும் முன் சக்கரம் ரெண்டும் ஒரே நேரத்துல இறங்கி ஏறும், ரப்பர்ல 'டொக்'குனு ஸ்டியரிங் வரைக்கும் வரும், ஃபோம்ல 'தும்'முனு முடிஞ்சிரும். வளைவுல வெளிப்பக்க வீல் ஸ்டாப்ல முட்டுனா வண்டி மூக்கு திரும்பாம நேரா ஓடப் பாக்கும்னு சொல்றது நெசம்தான், ஆனா நம்ம பக்கம் வளைவுக்கு எங்க போறது, ஸ்பீடு பிரேக்கருக்குத்தான் பஞ்சமில்ல, பெயின்ட் அடிக்காத ஸ்பீடு பிரேக்கருக்கு சுத்தமா பஞ்சமில்ல.

ஃபோமுக்கு ஒரு எதிரி ஈரம். பாலியஸ்டர் வகைன்னா ஈரமும் சூடும் சேந்து உள்ளயே அறுத்துரும், பாலியீதர் வகை தாங்கும். என் வண்டில கம்பெனி போட்டிருந்தத கழட்டுனப்ப விரல் பட்டதும் நாள்பட்ட அதிரசம் மாதிரி உதிர்ந்துச்சு, தூள் பூரா பூட்டுக்குள்ள. அந்த பூட்டையும் லேசா நினைக்காதீங்க. தனுஷ்கோடி ரோட்டுல காத்துக்கு மணல் ரோட்டு மேலயே ஓடும், பூட் கிழிஞ்சிருந்தா அதுவும் உப்பும் ராடுல ஒட்டி குரோம்ல கீறல் போடும், அப்புறம் சீல் போகும், ஆயில் கசியும். புது ஃபோம் போடுறப்பவே பூட்டும் புதுசு போட்ருங்க, வெளிய போயிட்டு வந்தா வீல் ஆர்ச்சுக்குள்ள நல்ல தண்ணி அடிச்சிருங்க.

பின்னாடி டார்ஷன் பீம், அதாவது ரெண்டு பின் சக்கரத்தையும் சேக்குற குறுக்குத் தண்டு, தனியா போறப்ப பம்ப் ஸ்டாப் தொடவே தொடாது, குடும்பத்தோட அஞ்சு பேரும் பெட்டியும் ஏறுனாத்தான் வேலை. அங்க ரொம்ப நீளம் கம்மியா போட்டா லோடுல டயர் ஆர்ச்சுல இடிக்கும், அதனால நான் முன்னாடிய விட கம்மியாத்தான் குறைச்சேன்.

கடையில கேக்குறப்ப ராடு தடிமன் அளந்து சொல்லுங்க. ஓட்டை லூசா இருந்தா துண்டு மேல நிக்காம சறுக்கி ஷாக் தலையில வந்து உக்காந்துக்கும், ஒவ்வொரு பள்ளத்துக்கும் கடகடன்னு ஒரு சத்தம் வரும், நீங்க லிங்க் ராடு, பால் ஜாயின்ட்டுன்னு ஒவ்வொன்னா மாத்திக்கிட்டு இருப்பீங்க.